வான்கோழியை வெட்டலாமா, விட்டுடலாமா? தேங்க்ஸ்கிவிங் மீம்ஸ் முதல் முட்டுக்காடு பிக்னிக் வரை!

நவம்பர் மாசத்தின் நாலாவது வியாழக்கிழமை வந்தால் ஓ.எம்.ஆர் பக்கம் ஒரு தனி அமைதி வந்துவிடும். சிறுசேரி சிப்காட்டில் அமெரிக்க க்ளையன்ட்டுக்கு வேலை பார்ப்பவர்களின் இன்பாக்ஸில் 'நான் லீவில் இருக்கிறேன்' என்ற ஆட்டோ ரிப்ளை மட்டும் வரிசையாக வந்து விழும். மறுநாள் பிளாக் ஃபிரைடே சப்போர்ட் டியூட்டியில் மாட்டாதவர்களுக்கு ஜாக்பாட். கேளம்பாக்கத்தில் திரும்பி, கோவளம் வழியாக ஈ.சி.ஆரைப் பிடித்தால் முட்டுக்காடு படகுக் குழாம்தான்!

அதே நாளில் வாட்ஸ்அப் குரூப்பிலும் இன்ஸ்டாவிலும் ஒரு பறவை வந்து குதிக்கும். கழுத்தில் சிவப்பு சதை தொங்க, "என்னை விட்டுடுங்க, நான் வீகன்" என்று போர்டு பிடித்து நிற்கும் வான்கோழி. இன்னொரு மீமில், கோழியைக் கைகாட்டி "அவன் என்னைவிட டேஸ்ட்டா இருப்பான்" என்று போட்டுக்கொடுக்கும். சிரிச்சுட்டு ஃபார்வேர்டு பண்ணிடுவோம்.

இந்த ஜோக்குக்கு அடியில் ஒரு நிஜமான சண்டை இருக்கு. இந்தப் பறவையைச் சாப்பிடலாமா, கூடாதா? இது அமெரிக்கப் பிரச்னை மட்டும் இல்லை. அசைவம் சாப்பிடும் மருமகளும் சாப்பிடாத மாமியாரும் இருக்கிற எல்லா வீட்டிலும் நடக்கும் சண்டைதான். அதனால் வான்கோழியின் முழு ஜாதகத்தையும் ஒரு தடவை பார்த்துடுவோம்.

முதல் விருந்தில் வான்கோழி இருந்ததா?

1621-ல், இப்போதைய மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் பிளிமத்தில், இங்கிலாந்திலிருந்து போய்க் குடியேறியவர்கள் சுமார் 50 பேரும், அந்த மண்ணின் வாம்பனோவாக் மக்கள் சுமார் 90 பேரும் மூன்று நாள் சேர்ந்து சாப்பிட்டார்கள். நல்ல அறுவடைக்கான கொண்டாட்டம் அது. அதைப் பற்றி எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதம் இன்றும் இருக்கு. வேட்டையாடிக் கொண்டுவந்த பறவைகளும், வாம்பனோவாக் மக்கள் கொண்டுவந்த 5 மான்களும் அதில் வருகின்றன. ஆனால், வான்கோழி என்று குறிப்பாக ஒரு வார்த்தை இல்லை! அதாவது, இன்றைக்கு ஹீரோவாக இருப்பவர் முதல் படத்தில் நடித்தாரா என்பதே சந்தேகம்.

ஹீரோ வேஷம் கொடுத்ததில் முக்கியமானவர் ஒரு பத்திரிகை ஆசிரியை. பெயர் சாரா ஜோசஃபா ஹேல். எல்.கே.ஜி-யில் நாம் எல்லோரும் பாடிய மேரியின் ஆட்டுக்குட்டி ரைமை எழுதியவரும் இவர்தான். 1827-ல் வந்த தன் நாவலில், மேசையின் நடு நாயகமாக வறுத்த வான்கோழியை வைத்து ஒரு விருந்தை வர்ணித்தார். பிறகு, இந்த நாளை நாடு முழுக்க விடுமுறையாக்கணும் என்று வருஷக்கணக்கில் கடிதம் மேல் கடிதம் போட்டார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863-ல் ஆபிரகாம் லிங்கன் அறிவித்தார். ஆட்டுக்குட்டிக்குப் பாட்டு எழுதினவர், வான்கோழிக்கு இப்படி ஒரு முடிவைக் கட்டிவிட்டார் பாருங்க.

தேதியிலும் ஒரு கூத்து நடந்தது. 1939-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், கிறிஸ்துமஸ் ஷாப்பிங்குக்குக் கூடுதல் நாள் கிடைக்கட்டும் என்று பண்டிகையை ஒரு வாரம் முன்னாடி தள்ளினார். பாதி மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன, மீதி முடியாது என்றன. இரண்டு தேதியில் ஒரே பண்டிகை! கடைசியில் 1941-ல் நாடாளுமன்றம் நாலாவது வியாழன் என்று சட்டம் போட்டு சண்டையை முடித்தது. அமாவாசை எந்த நாளில் என்று வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் மோதுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதுசு இல்லை.

மன்னிப்பு கேட்காத பறவைக்கு மன்னிப்பு

தேங்க்ஸ்கிவிங் காமெடியின் உச்சம் வெள்ளை மாளிகையில்தான். 1947-லிருந்து தேசிய வான்கோழிக் கூட்டமைப்பு ஜனாதிபதிக்கு வருஷா வருஷம் வான்கோழியைப் பரிசாகக் கொடுக்கிறது. ஆரம்பத்தில் அது சமையலுக்குத்தான். 1963-ல் ஜான் எஃப். கென்னடிக்குக் கொடுத்த பறவையின் கழுத்தில், நன்றாகச் சாப்பிடுங்கள் என்ற அர்த்தத்தில் ஒரு அட்டையே தொங்கியது. அவர், இது இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். 1987-ல் ரீகன் 'மன்னிப்பு' என்ற வார்த்தையை ஒரு ஜோக்காகச் சொன்னார். அப்போது அவருடைய அதிகாரிகள் சிக்கியிருந்த ஊழல் விவகாரத்தில், அவர்களுக்கு மன்னிப்பு கொடுப்பீங்களா என்று நிருபர்கள் குடைந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க வான்கோழி கை கொடுத்தது. 1989-ல் மூத்த புஷ் அதை முறைப்படி சடங்காக்கினார்.

இப்போது ஒவ்வொரு வருஷமும் இரண்டு பறவைகள் மன்னிப்பு வாங்குகின்றன. அவற்றுக்கு வைக்கும் பெயரே ஒரு மீம். 2019-ல் 'பிரெட்', 'பட்டர்'. 2021-ல் 'பீனட் பட்டர்', 'ஜெல்லி'. 2022-ல் 'சாக்லேட்', 'சிப்'. நம்ம ஊரில் 'இட்லி', 'சட்னி' என்று பெயர் வைத்த மாதிரி!

இதில் சிரிக்க முடியாத ஒரு பகுதியும் இருக்கு. சீக்கிரமாகச் சதை போடணும் என்றே உருவாக்கப்பட்ட இனம் இது. மன்னிப்பு கிடைத்தாலும், தன் உடம்பின் எடையே அதுக்குப் பகை. மன்னிக்கப்பட்ட பல பறவைகள் ஓரிரு வருஷத்திலேயே இறந்துபோனதுதான் வரலாறு. அதே நாளில் அமெரிக்க மேசைகளில் வெட்டப்படுபவை சுமார் 4.6 கோடி என்பது அதே கூட்டமைப்பின் ஒரு மதிப்பீடு. இரண்டுக்கு மன்னிப்பு, மற்றதுக்கு மசாலா.

டி.வி-யும் சும்மா விடவில்லை. 1992-ல் வந்த கிறிஸ்துமஸ் எபிசோடில் மிஸ்டர் பீன் தன் தலையை வான்கோழிக்குள் விட்டு மாட்டிக்கொண்டது நினைவிருக்கா? 1998-ல் 'ஃபிரெண்ட்ஸ்' தொடரில் ஜோயி அதே வேலையைச் செய்தார், மோனிகாவும் ஒரு வான்கோழியைத் தலையில் மாட்டி ஆடினார். ஒரு பறவை, அதற்குள் ஒரு மனுஷத் தலை. ரீல்ஸில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கு.

துருக்கியா, இந்தியாவா, கோழிக்கோடா?

வான்கோழியின் சொந்த ஊர் வட அமெரிக்கா. வீட்டுப் பறவையாக முதலில் பழக்கியவர்கள் மெக்சிகோவின் பழங்குடிகள். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் மூலம் ஐரோப்பா போனது. அங்கிருந்துதான் குழப்பம் ஆரம்பம்.

ஆங்கிலேயர்கள், துருக்கி வியாபாரிகள் கொண்டுவந்ததாக நினைத்து 'டர்க்கி' என்றார்கள். துருக்கிக்காரர்களோ அதை 'ஹிந்தி' என்கிறார்கள், அதாவது இந்தியாவைச் சேர்ந்தது. பிரெஞ்சில் 'தேந்த்', அதுவும் 'இந்தியாவிலிருந்து' என்ற அர்த்தம்தான். போர்ச்சுகீசியத்தில் 'பெரு'. டச்சுக்காரர்கள் இன்னும் துல்லியமாகத் தப்பு செய்தார்கள். 'கல்கூன்' என்று நம்ம பக்கத்து ஊரான கோழிக்கோட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள்! அந்த டச்சுச் சொல் இலங்கைக்குப் போய் சிங்களத்தில் 'களுகும்' ஆனது. மலாய் மொழியில் 'ஆயாம் பெலண்டா', அதாவது டச்சுக் கோழி. இவ்வளவு நாட்டுக்காரங்க சேர்ந்தும் யாரும் வட அமெரிக்காவைக் கைகாட்டவில்லை.

அந்த டச்சுக்காரர்கள் நமக்கு அந்நியர்களும் இல்லை. முட்டுக்காட்டிலிருந்து ஈ.சி.ஆரில் தெற்கே போய், மாமல்லபுரத்தைத் தாண்டினால் கல்பாக்கம் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் துணி வியாபாரம் செய்த துறைமுகம். அவர்கள் கட்டிய கோட்டையின் மிச்சமும் கல்லறைகளும் கடலோரத்தில் இன்றும் இருக்கு. இந்தப் பறவைக்குக் கோழிக்கோடு பெயர் வைத்த மொழி பேசியவர்கள் நடந்த இடம் அது.

இந்தியாவில் வான்கோழி வந்த கதைக்கு அழகான ஆதாரமும் உண்டு. 1612-ல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்கு அவருடைய அதிகாரி முகரப் கான், கோவாவிலிருந்து வினோதமான பிராணிகளை வாங்கிக் கொண்டுபோனார். அதில் ஒரு வான்கோழியும் இருந்தது. ஜஹாங்கீர் அசந்துபோய், மயிலோடு ஒப்பிட்டு, அதன் தலையும் கழுத்தும் நிறம் மாறுவதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். அரண்மனை ஓவியர் மன்சூர் அதை வரைந்தார். அந்த ஓவியம் இப்போது லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கு.

நம்ம ஊர் கிண்டல்: வான்கோழி பாவம்!

தமிழ்நாட்டில் வான்கோழி என்றால் முதலில் ஞாபகம் வருவது பிரியாணி இல்லை, ஸ்கூலில் படித்த மூதுரை. மயில் ஆடுவதைப் பார்த்து வான்கோழியும் தன் சிறகை விரித்து ஆடியதாம். கல்லாதவர் கற்றவரைப் போல நடிப்பதற்கு ஔவையார் சொன்ன உவமை. அன்றிலிருந்து யாராவது யாரையாவது காப்பி அடித்தால் 'வான்கோழி' பட்டம் ரெடி.

ஆனால், இங்கே ஒரு டைம்லைன் பிரச்னை இருக்கு. மூதுரை எழுதிய ஔவையின் காலம் பொதுவாக 12-ஆம் நூற்றாண்டு என்று சொல்லப்படுகிறது. அமெரிக்கப் பறவை இந்தியக் கரைக்கு வந்ததோ, போர்ச்சுகீசியர்கள் வந்த பிறகு. அப்படியானால் ஔவை பார்த்த வான்கோழி வேறு ஏதோ ஒரு நாட்டுப் பறவையாகத்தான் இருக்கணும். பழைய பெயர், புதுசாக வந்த பறவைக்கு ஒட்டிக்கொண்டது. கூடவே பழைய பழியும்!

உண்மையில் வான்கோழி யாரையும் காப்பி அடிப்பது இல்லை. ஆண் பறவை வாலை விசிறி மாதிரி விரிப்பது பெட்டையைக் கவர்வதற்கு. மயில் இல்லாத வட அமெரிக்கக் காட்டில் பல ஆயிரம் வருஷமாக அது இப்படித்தான் ஆடுகிறது. உயிரியல்படி மயிலும் வான்கோழியும் ஒரே குடும்பம், ஃபேசியானிடே. பெரியப்பா பையன், சித்தப்பா பையன் மாதிரி. கோபம், பயம், காதல் என மூடுக்கு ஏற்ப ஆணின் தலை சிவப்பு, நீலம், வெள்ளை என மாறும். ஜப்பானியர்கள் இதைப் பார்த்து 'ஏழு முகப் பறவை' என்றே பெயர் வைத்தார்கள். நவரசத்துக்கு இரண்டுதான் குறைச்சல்.

சாப்பாட்டை வைத்துக் கிண்டல் அடிப்பதில் நம்ம கடற்கரை எவருக்கும் சளைத்தது இல்லை. மாமல்லபுரம் அர்ஜுனன் தபசு சிற்பத்தை அடுத்த தடவை பார்க்கும்போது கீழே கவனிங்க. ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும். அதை நம்பிச் சுற்றி எலிகள். தவம் செய்வதாக நடித்து எலிகளைத் தின்ற பூனையின் கதை அது. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பி கல்லில் செதுக்கிய மீம்! வீட்டில் பக்திப் பழமாக இருந்துவிட்டு வெளியே சிக்கன் லாலிபாப்பைத் தேடும் நண்பரை 'சைவப் பூனை' என்று நாம் கூப்பிடுகிறோமே, அந்தப் பூனையின் தாத்தா இவர்தான்.

சாப்பிடலாமா, கூடாதா? மூணு தரப்பு

*கூடாது என்பவர்கள்:* இவர்களுடைய முதல் புள்ளி, பறவையின் வாழ்க்கை. அமெரிக்கப் பண்ணைகளில் அதிகம் இருக்கும் அகன்ற மார்பு வெள்ளை இனம், நெஞ்சுச் சதைக்காகவே உருவாக்கப்பட்டது. ஆண் பறவையின் கனத்தால் அதற்கு இயற்கையாக இணை சேரவே முடியாது. செயற்கைக் கருவூட்டல்தான். காட்டு வான்கோழி மரத்தின் மேல் பறந்துபோய்த் தூங்கும். பண்ணை வான்கோழியால் அது முடியாது. 'ஃபார்ம் சாங்சுவரி' என்ற அமைப்பு 1986 முதல், வெட்டுவதற்குப் பதில் ஒரு வான்கோழியைத் தத்தெடுங்கள் என்று சொல்லி வருகிறது. 1995-ல் 'டோஃபர்க்கி' என்று டோஃபுவில் செய்த போலி வான்கோழியும் கடைக்கு வந்தது. அதைக் கிண்டல் அடிக்காத அமெரிக்க காமெடியன் குறைவு. ஆனாலும் இன்னும் விற்கிறது.

*சாப்பிடுவோம் என்பவர்கள்:* 'பாட்டி செய்த மாதிரி' என்ற ருசி, ஊரிலிருந்து வந்த எல்லோரும் ஒரே பறவையைப் பகிர்ந்து சாப்பிடும் பழக்கம், இதெல்லாம் வெறும் கறி இல்லை, குடும்ப நினைவு என்பது இவர்கள் கட்சி. கொழுப்பு குறைவு, புரதம் அதிகம் என்ற சத்துக் கணக்கும் உண்டு. வளர்ப்பவரின் பிழைப்பும் இதில் இருக்கு. பறவை நல்லபடியாக வளர்ந்ததா என்று கேட்டு வாங்குங்க, சாப்பிடுவதையே குற்றம் ஆக்காதீங்க என்பது இவர்களில் நடுநிலையாளர்களின் வாதம்.

*மூணாவது தரப்பு:* இவர்களுக்கு மெனு பிரச்னையே இல்லை, நாளே பிரச்னை. 1621-ல் விருந்தில் உட்கார்ந்த வாம்பனோவாக் மக்கள், அடுத்த தலைமுறைக்குள் போரிலும் நோயிலும் நிலப் பறிப்பிலும் சிதைந்தார்கள். 1970-ல் வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் என்ற வாம்பனோவாக் தலைவர், பிளிமத்தில் இந்த நாளைத் துக்க நாளாக அறிவித்தார். இன்று வரை ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் அன்றும் அங்கே கூடுகிறார்கள். வான்கோழி ஜோக்கில் இவர்கள் வருவதே இல்லை. யார் நன்றி சொல்கிறார்கள், யாருக்குச் சொல்ல மறந்தார்கள் என்ற கேள்வியை இவர்கள்தான் கேட்கிறார்கள்.

இதெல்லாம் நமக்குப் புதுசா என்ன?

தை 1-ல் சூரியனுக்கு நன்றி, தை 2-ல் மாட்டுக்கு நன்றி. நன்றி சொல்லும் விலங்கையே குளிப்பாட்டி, கொம்புக்குப் பெயின்ட் அடித்து, பொங்கல் ஊட்டும் பண்டிகை நம்முடையது. அதே மாட்டுப் பொங்கல் அன்று பல வீடுகளில் கறிக்குழம்பு கொதிப்பதும் நம்ம வழக்கம்தான். ஆனால், தை 2 திருவள்ளுவர் தினமும்கூட. புலால் மறுத்தலுக்குத் தனி அதிகாரமே எழுதியவர் வள்ளுவர். அவரை மதிக்கும் விதமாக அன்று இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி சென்னை மாநகராட்சி அறிவிப்பது வழக்கம். விளைவு? முதல் நாளே கறிக்கடையில் க்யூ, ஃபிரிட்ஜில் இடம் தேடல். ஒரே நாளில் கறிக்குழம்பும் வள்ளுவரும். தேங்க்ஸ்கிவிங் சண்டையை நாம் சத்தமில்லாமல் ஃபிரிட்ஜுக்குள் வைத்துத் தீர்த்துக்கொண்டோம்!

வள்ளுவரின் வாதத்தையும் கவனிக்கணும். தின்பதற்கு ஆள் இல்லையென்றால், விற்பதற்கும் ஆள் இருக்காது என்று சொல்கிறார். 'நான் வெட்டலையே, வாங்கித்தானே சாப்பிடுறேன்' என்ற நம்ம சமாளிப்புக்கு அன்றே பதில் கொடுத்தாச்சு. இன்றைய வீகன் பிரசாரத்தின் டிமாண்டு–சப்ளை வாதமும் இதேதான்.

தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் இன்னும் நெருக்கமான ஒரு தேங்க்ஸ்கிவிங் இருக்கு. சி.எஸ்.ஐ சபைகளில் நடக்கும் அறுப்பின் பண்டிகை. வாழைத்தார், தேங்காய், பூசணி, சேவல், ஆடு என்று விளைந்ததையும் வளர்த்ததையும் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். பிறகு ஏலம். ஒரு முட்டைகூட கடை விலையைவிடப் பல மடங்குக்குப் போகும். ஏலம் விடுபவரின் டைமிங் காமெடிக்கே தனி ரசிகர் கூட்டம் உண்டு.

வான்கோழி பிரியாணி ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி...

தமிழ்நாட்டில் வான்கோழி வளர்ப்பு நிஜமான தொழில். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 'நந்தனம் வான்கோழி-1' என்ற ரகத்தையே உருவாக்கியிருக்கு. நாட்டுக் கறுப்பு ரகத்தையும், பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளை என்ற வெளிநாட்டு ரகத்தையும் சேர்த்து, நம்ம வெயிலுக்குத் தாங்கும்படி உருவாக்கியது. இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் காட்டுப்பாக்கத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையம், கால்நடை, கோழி வளர்ப்புப் பயிற்சிகளைத் தருகிறது. யூடியூப் பார்த்து 'மாசம் லட்சம்' என்று இறங்குவதற்கு முன்னாடி அங்கே போய்க் கேட்பது நல்லது.

வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த, சாப்பிடுபவர்களுக்குத் தெரியாத சில விஷயங்கள்:

• முட்டை பொரிய 28 நாள். கோழியைவிட ஒரு வாரம் அதிகம்.

• குஞ்சுகளுக்கு ஆரம்பத்தில் தானாகத் தின்னவே தெரியாது. சிலவற்றுக்குக் கையால் ஊட்டணும். முதல் இரண்டு வாரம் அவித்த முட்டையும், தண்ணீரில் கலந்த பாலும் கொடுப்பார்கள்.

• திடீர்ச் சத்தம் கேட்டால் பயந்து ஒன்றன் மேல் ஒன்று குவிந்து மூச்சுத் திணறும். தீபாவளி நேரம் பண்ணைக்காரருக்குத் தூக்கம் கிடையாது.

• கோழிகளோடு ஒரே இடத்தில் வளர்க்கக் கூடாது. கோழிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத 'பிளாக்ஹெட்' நோய் வான்கோழியைக் கொன்றுவிடும்.

• 'கடகட கடகட' என்று சத்தம் போடுவது ஆண் மட்டும்தான்.

அமெரிக்காவிலிருந்து உறைய வைத்த வான்கோழியும் வருகிறது. அதற்கான இறக்குமதி வரியைக் குறைக்க 2023 செப்டம்பரில் இந்தியா ஒப்புக்கொண்டது. அதனால் உங்கள் தட்டில் இருப்பது எங்கே, எப்படி வளர்ந்தது என்று கேட்பது உங்கள் உரிமை.

முழுப் பறவையை வறுக்கும் ஆசை இருந்தால் ஒரு கணக்கு. 7 கிலோ உறைந்த வான்கோழி, ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் உருக மூணு நாளுக்கு மேல் ஆகும். நம்ம வீட்டு ஓ.டி.ஜி-க்குள் அது நுழையவே நுழையாது. உள்ளே ஐஸ் இருக்கும்போதே கொதிக்கிற எண்ணெயில் போட்டால் எண்ணெய் பொங்கித் தீப்பிடிக்கும். அமெரிக்காவில் சமையலறைத் தீ விபத்து மிக அதிகமாக நடக்கும் நாளே தேங்க்ஸ்கிவிங்தான். துண்டு போட்டு, தயிரில் ஊறவைத்து, குக்கரில் விசில் விடுங்க. நாட்டு வான்கோழியின் சதை கொஞ்சம் கெட்டி, அதனால் விசில் கூடவே வேணும். வறுக்கும்போது சதையின் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வரணும்.

அப்புறம், வான்கோழி சாப்பிட்டால் தூக்கம் வரும் என்ற ஃபார்வேர்டு. அதில் டிரிப்டோபேன் இருப்பது உண்மை. ஆனால், கோழியிலும் கிட்டத்தட்ட அதே அளவு இருக்கு. தூக்கம் வருவது மூணாவது தடவை போட்டுக்கொண்ட சோற்றால்!

முட்டுக்காட்டில் ஒரு நன்றி விருந்து

க்ளையன்ட் லீவு நாளோ, காணும் பொங்கலோ, முட்டுக்காட்டுக்குக் கூட்டமாக வரும் எந்த கேங்கை எடுத்தாலும் கலவையாகத்தான் இருக்கும். ஒருத்தர் சுத்த சைவம், ஒருத்தர் முட்டை மட்டும், ஒருத்தர் சனிக்கிழமை மட்டும் சாப்பிட மாட்டார், ஒருத்தர் புதுசாக வீகன். சண்டை வராமல் சாப்பிட சில வழிகள்:

• நடு நாயகம் பறவையாகத்தான் இருக்கணுமா? இந்த உப்பங்கழியின் நாயகன் மீன். கொடுவா மீன் குஞ்சு உற்பத்தியில் இந்தியாவில் முதலில் வெற்றி கண்டது, இதே முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம்தான். வருஷம் 1997. அசைவர்களுக்குக் கொடுவா வறுவல் போதும்.

• சைவர்களுக்கு 'மிச்சம்' கொடுக்காதீங்க. பிரியாணியில் கறியை எடுத்துவிட்டுச் சோறு மட்டும் போடுவது சைவம் இல்லை. பலாக்காய் பிரியாணி, சேனைக்கிழங்கு வறுவல் என்று அவங்களுக்கும் ஒரு மெயின் டிஷ் இருக்கட்டும். கரண்டியும் தனி.

• தட்டைப் பார்த்து கமென்ட் வேண்டாம். 'புல்லு திங்கிற' என்பதும் 'பிணம் திங்கிற' என்பதும் ஒரே ரகம். வாதம் பண்ணணும்னா சாப்பிட்டு முடித்த பிறகு, படகில் பண்ணுங்க. கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது!

• ஜோக் இருக்கட்டும். ஆனால் 'நீ என்ன ஜாதி, அதான் சாப்பிட மாட்டே' என்ற இடத்துக்கு நம்ம ஊர் சாப்பாட்டுக் கிண்டல் சீக்கிரம் போய்விடும். அங்கே போனால் அது ஜோக் இல்லை.

• வாங்கினதை வீணாக்காதீங்க. ஒரு உயிரை வெட்டிச் சமைத்ததைக் குப்பையில் போடுவது இரண்டு கட்சிக்கும் பிடிக்காத விஷயம்.

நேரம் இருந்தால், சாப்பிட்டுவிட்டு பக்கத்தில் இருக்கும் தட்சிணசித்ராவுக்கு ஒரு நடை போங்க. அமெரிக்காவில் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வாழ வந்த டெபோரா தியாகராஜன் முயற்சியில் 1996-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம். தென்னிந்திய மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, மறுபடி கட்டி வைத்திருக்காங்க. அந்த வீடுகளின் அடுக்களையை எட்டிப் பாருங்க. எந்த வீட்டில் எது வேகும், எது வேகவே வேகாது என்ற வித்தியாசம் அந்தச் சுவர்களுக்கு நல்லாவே தெரியும். இப்போ எல்லாரும் ஒரே தெருவில்தான் இருக்காங்க.

வெட்டலாமா, விட்டுடலாமா என்பதை உங்க மனசும் வயிறும் முடிவு பண்ணட்டும். சாப்பிடுவதாக இருந்தால், அது எப்படி வாழ்ந்தது என்று கேட்டுட்டுச் சாப்பிடுங்க. விடுவதாக இருந்தால், பக்கத்து இலையை எட்டிப் பார்க்காமல் விடுங்க. ஒன்றே ஒன்று, இனிமேல் யாரையும் 'மயிலைக் காப்பி அடிக்கிற வான்கோழி' என்று திட்டாதீங்க. அது ஆடுறது அதோட சொந்த ஸ்டெப்!